குறைந்த செலவில் செல்போனும் நெட் வசதியும்: திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை

விதை, உரம், பூச்சி மருந்து, ஆள் கூலி என்று சாகுபடிச் செலவை ஒன்று விடாமல் கணக்கு எழுதும் விவசாயிகள்கூட ஒரு செலவை மட்டும் எழுதாமல் விட்டு விடுகின்றனர். அது செல்போன் ரீசார்ஜ் செலவாகும். சிறுகச் சிறுகப் போவதால் இச்செலவு கண்ணுக்குத் தெரிவதில்லை. மூன்று செல்போன்கள் உள்ள ஒரு சிறு விவசாயியின் வீட்டில், ஆண்டு முழுவதற்கும் கூட்டிப் பார்த்தால் இது பதினோராயிரம் ரூபாயைத் தாண்டக் கூடும்.

செலவு கூடுவது ஒரு புறம். தவறான இடத்தில் சிக்கனம் செய்வதால் வரும் நட்டம் மற்றொரு புறம். எங்கள் பயிற்சிக்கு வந்திருந்த மானாவாரி நிலக்கடலை விவசாயி ஒருவர், மகனுடைய புதிய செல்போனுக்குப் பெரிய தொகையில் ரீசார்ஜ் செய்துவிட்டு, தம்முடைய பழைய பொத்தான் செல்போனைப் பல மாதங்கள் ரீசார்ஜ் செய்யாமல் விட்டு விட்டார். அவருடைய வங்கிக் கணக்கிலும் ஆதாரிலும் பதிவாகி இருந்தது அந்தப் பழைய எண்தான். உதவித்தொகைக்கான விவரங்களைச் சரிபார்க்கச் சென்ற போது, ஒருமுறைக் கடவுச்சொல் எனப்படும் ஓடிபி வரவில்லை. எண் துண்டிக்கப்பட்டிருந்தது. களையெடுக்க வேண்டிய நாட்களில் அவர் ஆதார் மையத்துக்கும் வங்கிக்கும் அலைய நேர்ந்தது.

ஆகவே, குறைந்த கட்டணத் திட்டம் எது என்று கேட்பதற்கு முன், எந்தச் செல்போனுக்கு எது தேவை என்று தெரிந்து கொள்ள வேண்டும். மண் பரிசோதனை செய்து உரமிடுவது போன்றதே இதுவும். அதற்கான முறைகளை இங்குக் காண்போம்.

1. தேவையைப் பட்டியலிடுதல்

விவசாயிக்கு நெட் வசதி எவற்றுக்குத் தேவைப்படுகிறது என்று முதலில் எழுதிப் பார்க்க வேண்டும். தமிழக அரசு 2018ஆம் ஆண்டு தொடங்கிய உழவன் செயலியில் மானிய விவரம், சந்தை நிலவரம், வானிலை முதலியன கிடைக்கின்றன. 2019ஆம் ஆண்டு வெளிவந்த மேக்தூத் செயலியில் மாவட்ட வாரியான வேளாண் வானிலை அறிவுரைகளைக் காணலாம். இவ்வறிவுரைகள் வாரந்தோறும் செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் தயாரிக்கப்படுகின்றன. 2016ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மின்னணு தேசிய வேளாண் சந்தையில் விளைபொருள் விலைகளைப் பார்க்கலாம்.

இவையெல்லாம் பெரும்பாலும் எழுத்தும் எண்ணுமே. எனவே மிகக் குறைந்த டேட்டாவே செலவாகும். டேட்டாவை அதிகம் இழுப்பது வீடியோ. சாதாரணத் தெளிவில் ஒரு மணி நேரம் வீடியோ பார்த்தால் கால் ஜிபி முதல் அரை ஜிபி வரை செலவாகலாம். தெளிவைக் கூட்டிப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் ஒரு ஜிபிக்கு மேலும் போய்விடும். விவசாயச் செய்தி அறிவதற்காகப் பெரிய திட்டம் வாங்குகிறோம் என்று நினைத்தாலும், டேட்டா எங்கே செலவாகிறது என்பது வேறாக இருக்கலாம்.

நெட் இல்லாமலே பெறக் கூடிய உதவியும் உண்டு. 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணுக்குக் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை கட்டணமின்றிப் பேசி, பயிர் பற்றிய ஐயங்களைத் தமிழிலேயே கேட்டறியலாம். இதற்குப் பொத்தான் செல்போனே போதும்.

2. சிக்னல் ஆய்வு

கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், சிக்னல் கிடைக்காத திட்டம் முளைக்காத விதைக்குச் சமம். பக்கத்து ஊரில் நன்றாக எடுக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது. மலையடிவாரத்திலும், அடர்ந்த தென்னந்தோப்பிலும், பள்ளமான வயல்களிலும் ஒரு பர்லாங்கு தூரத்துக்குள்ளேயே சிக்னல் மாறிவிடும்.

வீடு, கிணற்றடி, களம், வயலின் கடைக்கோடி ஆகிய நான்கு இடங்களைத் தேர்ந்தெடுத்துக் கொள்ள வேண்டும். வெவ்வேறு நிறுவன சிம் கார்டு வைத்திருக்கும் உறவினர் அல்லது அக்கம்பக்கத்தாரை அழைத்து, ஒவ்வோர் இடத்திலும் பேசிப் பார்த்து, வானிலைச் செய்தி ஒன்றையும் திறந்து பார்க்கச் செய்ய வேண்டும். காலை, நண்பகல், இரவு 8 மணி என மூன்று வேளையும் பார்ப்பது அவசியம். இரவில் ஊரே ஒரே நேரத்தில் வீடியோ பார்ப்பதால், பகலில் நன்றாக இருந்த நெட் அப்போது மந்தமாகலாம். மூன்று நாட்கள் பார்த்து, குறிப்பேட்டில் நன்று, சுமார், இல்லை என்று எழுதினால் எந்த நிறுவனம் ஏற்றது என்பது விளங்கிவிடும்.

பிஎஸ்என்எல் நிறுவனத்தின் உள்நாட்டுத் தொழில்நுட்ப 4ஜி சேவை 2025 செப்டம்பர் 27 அன்று முறைப்படி தொடங்கி வைக்கப்பட்டது. முன்பு அந்நிறுவனத்தின் நெட் சரியில்லை என்று விட்டவர்கள், தங்கள் ஊரில் இப்போது எப்படி உள்ளது என்று மீண்டும் ஒருமுறை சோதித்துப் பார்க்கலாம்.

3. பயன்பாட்டை அளத்தல்

ஸ்மார்ட்போனின் அமைப்புகள் பகுதியில் டேட்டா பயன்பாடு என்ற இடத்தைத் திறந்தால், சென்ற மாதம் எத்தனை ஜிபி செலவாயிற்று, எந்தச் செயலி எவ்வளவு எடுத்தது என்பது தெரியும். பார்க்கத் தெரியாதவர்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டு பார்க்கலாம். கடைக்காரர் சொல்லும் திட்டத்தை வாங்குவதற்கு முன் இந்த ஓர் எண்ணைத் தெரிந்து கொள்ள வேண்டும்.

தினமும் 1.5 ஜிபி தரும் 28 நாள் திட்டத்தில் மொத்தம் 42 ஜிபி கிடைக்கிறது. மாதம் 2 ஜிபி மட்டுமே பயன்படுத்தும் ஒருவருக்கு மீதி 40 ஜிபி வீணாகிறது. அன்றைய ஒதுக்கீட்டில் மிஞ்சியது அன்றிரவே காலாவதியாகிவிடும். அளவுக்கு மேல் இட்ட யூரியா மழை நீரோடு கரைந்து போவதைப் போன்றதே இது.

4. விலைக் கணக்கு

திட்டங்களை ஒப்பிடும் போது, ஒரு ஜிபிக்கு என்ன விலை என்று பார்ப்பதே வழக்கமாக உள்ளது. சிறு பயனாளருக்கு இக்கணக்கு தவறான வழி காட்டும். ஒரு நாளைக்கு என்ன செலவு என்று பார்ப்பதே முறை.

ஓர் எடுத்துக்காட்டு: ஜியோ நிறுவனம் 2024 ஜூலை 3 அன்று நடைமுறைப்படுத்திய கட்டணங்களில், 28 நாட்களுக்கு மொத்தம் 2 ஜிபி தரும் திட்டம் ரூ.189. அதே 28 நாட்களுக்குத் தினம் 1.5 ஜிபி தரும் திட்டம் ரூ.299. இரண்டிலும் பேசுவதற்கு வரம்பில்லை. ஜிபி கணக்கில் முன்னது ரூ.94.50, பின்னது ரூ.7.12. இதைப் பார்த்தால் பின்னதுதான் மலிவு என்று தோன்றும். நாள் கணக்கில் முன்னது ரூ.6.75, பின்னது ரூ.10.68. மாதம் 2 ஜிபிக்குள் அடங்குபவர் பெரிய திட்டத்தை வாங்கினால் ஆண்டுக்கு ஏறத்தாழ ரூ.1,434 கூடுதலாகச் செலவழிக்கிறார்.

மாதம் 10 ஜிபி பயன்படுத்துபவருக்கு இக்கணக்கு மாறும். அவர் சிறிய திட்டத்தை வாங்கிக் கூடுதல் டேட்டா பேக்குகளை அடிக்கடி போட்டால், பெரிய திட்டத்தைவிட அதிகச் செலவாகிவிடும். மேலும், கூடுதல் பேக்குகளில் சில ஒரே நாளில் முடிந்து விடுகின்றன. அதன் வேலிடிட்டி எத்தனை நாள் என்று கேட்டே வாங்க வேண்டும்.

மேற்கண்டவை கணக்கு முறையை விளக்குவதற்காகக் காட்டிய எண்களே. கட்டணங்கள் மாறிக் கொண்டே இருப்பதால், ரீசார்ஜ் செய்யும் அன்று உள்ள விலையைக் கேட்டு, அதனை வேலிடிட்டி நாட்களால் வகுத்துப் பார்த்துக் கொள்ள வேண்டும்.

இங்கு மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். 28 நாள் திட்டத்தை மாதத் திட்டம் என்று கொள்ளக் கூடாது. ஆண்டுக்கு 12 முறைக்குப் பதில் 13 முறை ரீசார்ஜ் செய்ய வேண்டி வரும். இதனை முன்னிட்டே, ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் வேலிடிட்டி உள்ள திட்டங்களையும், மாதந்தோறும் ஒரே தேதியில் புதுப்பிக்கக் கூடிய திட்டங்களையும் தர வேண்டும் என்று, டிராய் எனப்படும் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2022ஆம் ஆண்டு உத்தரவிட்டது. கடையில் இவற்றைக் கேட்டுப் பெறலாம்.

5ஜி வசதி இல்லாத செல்போன் வைத்திருப்பவர்கள், 5ஜி சேர்ந்த திட்டம் என்பதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

5. வீட்டுக்கு ஒரு டேட்டா திட்டம்

வீட்டில் உள்ள எல்லாச் செல்போன்களுக்கும் டேட்டா தேவையில்லை. பேசுவதற்கு மட்டும் பயன்படும் செல்போனுக்கும் டேட்டா சேர்த்தே வாங்க வேண்டிய நிலை முன்பு இருந்தது. குரல் அழைப்பு, எஸ்எம்எஸ் இரண்டை மட்டும் தரும் திட்டம் ஒன்றையாவது ஒவ்வொரு நிறுவனமும் அளிக்க வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பர் 23 அன்று விதிமுறை வெளியிட்டது. இத்தகைய சிறப்புத் திட்டங்களின் உச்ச வேலிடிட்டியும் 90 நாட்களிலிருந்து 365 நாட்களாக உயர்த்தப்பட்டது. அதன்படி 2025 ஜனவரியில் ஜியோ வெளியிட்ட பேச்சு மட்டும் உள்ள திட்டம் 84 நாட்களுக்கு ரூ.448, அதாவது நாளொன்றுக்கு ரூ.5.33 ஆகும். பிற நிறுவனங்களும் இவ்வாறே வெளியிட்டன.

மூன்று செல்போன்கள் உள்ள வீட்டுக்குக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

மூன்றுக்கும் ரூ.299 திட்டம்: ஆண்டுச் செலவு ரூ.11,693.

ஒன்றுக்கு ரூ.299 திட்டம், மற்ற இரண்டுக்கும் பேச்சு மட்டும் உள்ள திட்டம்: ஆண்டுச் செலவு ரூ.7,791.

மீதமாவது: ரூ.3,902.

45 கிலோ யூரியா மூட்டை ரூ.266.50 வீதம், இத்தொகைக்கு 14 மூட்டை வாங்கலாம். டேட்டா உள்ள செல்போனில் ஹாட்ஸ்பாட் வசதியைத் திறந்துவிட்டால், மாலையில் வீட்டுக்கு வந்த பின் மற்ற ஸ்மார்ட்போனிலும் அதே டேட்டாவைப் பயன்படுத்தலாம். பிள்ளைகளின் படிப்புக்கு டேட்டா தேவை எனில், பெரிய திட்டத்தை அவர்களுடைய செல்போனுக்குப் போட்டுப் பெற்றோர் பங்கிட்டுக் கொள்ளலாம். ஹாட்ஸ்பாட்டுக்குக் கடவுச்சொல் வைப்பது அவசியம். தனியாக வயலுக்குச் செல்லும் பெண்களின் செல்போனில் பேச்சு வசதி ஒரு நாளும் நிற்காதபடி பார்த்துக் கொள்ள வேண்டும். சிக்கனம் டேட்டாவில்தான் இருக்க வேண்டும்.

6. பம்புசெட் ஸ்டார்ட்டருக்கான சிம் கார்டு

செல்போனில் அழைத்து மோட்டாரை இயக்கும் ஸ்டார்ட்டர் வைத்திருப்பவர்கள் அதிலுள்ள சிம் கார்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இதற்கு டேட்டா திட்டம் போட வேண்டுமா என்பதைக் கருவியின் குறிப்பேட்டைப் பார்த்து அறியலாம். அழைப்பிலும் எஸ்எம்எஸ்ஸிலும் இயங்கும் கருவிக்கு நீண்ட வேலிடிட்டி உள்ள, பேச்சு மட்டும் தரும் திட்டமே சிக்கனமானது.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியது: பழைய ஸ்டார்ட்டர்கள் பலவும், பழைய பொத்தான் செல்போன்களும் 2ஜி சிக்னலில் மட்டுமே இயங்குபவை. ஜியோ நிறுவனத்துக்கு 2ஜி சேவை கிடையாது. ஆகவே 2ஜி கருவியில் அந்த சிம் கார்டு வேலை செய்யாது. 2ஜி சேவை தரும் பிற நிறுவன சிம் கார்டைப் பயன்படுத்த வேண்டும். புதிதாகக் கருவி வாங்குபவர்கள் 4ஜி வசதி உள்ளதாகக் கேட்டு வாங்குவது நல்லது.

7. எண்ணைக் காப்பாற்றுதல்

ஆதார், வங்கிக் கணக்கு, பி.எம்.கிசான், பயிர்க் காப்பீடு ஆகியவற்றில் பதிவான எண் நிலத்தின் பட்டாவைப் போன்றது. ஆண்டுக்கு மூன்று தவணையாக வரும் ரூ.6,000 உதவித்தொகைக்கான சரிபார்ப்புக்கு அந்த எண்ணுக்கே ஓடிபி வரக்கூடும்.

டிராய் 2013ஆம் ஆண்டு வகுத்த விதிப்படி, முன்பணம் செலுத்தும் இணைப்பை 90 நாட்களுக்குக் குறைவாகப் பயன்படுத்தாமல் இருந்தமைக்காகத் துண்டிக்கக் கூடாது. 90 நாட்கள் கடந்தாலும் கணக்கில் ரூ.20 அல்லது அதற்கு மேல் இருப்பு இருந்தால், அதில் ரூ.20 கழித்துக் கொண்டு மேலும் 30 நாட்களுக்கு எண்ணை வைத்திருக்க வேண்டும். இந்த இருப்பு டாப் அப் மூலம் சேரும் தொகையாகும். வரம்பில்லாத் திட்டத்துக்குக் கட்டிய பணம் இதில் சேராது.

ஆனால் எண் நிலைத்திருப்பது வேறு, அழைப்பும் செய்தியும் வருவது வேறு. திட்டம் முடிந்தால் முதலில் வெளியழைப்பும், சில நாட்களில் உள்வரும் சேவையும் நின்றுவிடலாம். மேலும், துண்டிக்கப்பட்ட எண் 90 நாட்கள் கழிந்த பின் புதிய வாடிக்கையாளர் ஒருவருக்கு வழங்கப்படலாம். நம் கணக்குக்கு வரும் செய்தி அவருக்குப் போகும். எனவே, ஒரு எண்ணை விட்டுவிட முடிவு செய்தால் முதலில் வங்கியிலும் ஆதாரிலும் புதிய எண்ணைப் பதிவு செய்து, அதன் பின்னரே பழையதை விட வேண்டும்.

8. எண் மாறாமல் நிறுவனம் மாறுதல்

சிக்னல் ஆய்வில் வேறு நிறுவனம் ஏற்றது என்று தெரிந்தால், எண்ணை மாற்றாமலே அதற்கு மாறலாம். இவ்வசதி 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் உள்ளது. செய்முறை வருமாறு:

அ) போர்ட் என்ற சொல்லை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, ஓர் இடம் விட்டு, தம் 10 இலக்க எண்ணைச் சேர்த்து 1900 என்ற எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும்.

ஆ) பதிலாக 8 எழுத்துக்களும் எண்களும் கொண்ட குறியீடு வரும். தமிழ்நாட்டில் இது 4 நாட்கள் செல்லும்.

இ) அதற்குள் அடையாளச் சான்றுடன் புதிய நிறுவனத்தின் கடைக்குச் சென்று சிம் கார்டு பெற வேண்டும். மாநிலத்துக்குள் மாறுவதற்குப் பொதுவாக 3 வேலை நாட்கள் ஆகும்.

தற்போதைய நிறுவனத்தில் 90 நாட்களாவது இருந்திருக்க வேண்டும். சிம் கார்டு மாற்றி 7 நாட்கள் ஆகாமல் மாற இயலாது. பழைய திட்டத்தில் மீதமுள்ள நாட்களும் இருப்பும் போய்விடும். எனவே வேலிடிட்டி முடியும் தறுவாயில் மாறுவதே நலம். குறியீட்டை வேறு யாருக்கும் சொல்லக் கூடாது.

9. எப்போது நீண்ட காலத் திட்டம் வாங்கலாம்?

அறுவடைப் பணம் கைக்கு வரும் போது ஆண்டுத் திட்டம் வாங்கிவிட்டால், பணத்தட்டுப்பாடான மாதங்களில் ரீசார்ஜ் கவலை இராது. இடையில் கட்டணம் உயர்ந்தாலும் பாதிப்பில்லை. ஆனால் நாள் கணக்கில் உண்மையாகவே குறைகிறதா என்று வகுத்துப் பார்த்த பின்பே வாங்க வேண்டும். புதிய இரகத்தை முதலில் ஐந்து சென்டில் பயிரிட்டுப் பார்ப்பது போல, புதிய நிறுவனத்தை முதலில் ஒரு 28 நாள் திட்டத்தில் சோதிக்க வேண்டும். முதலிலேயே ஆண்டுக் கட்டணம் கட்டிவிட்டுப் பின்னர் சிக்னல் இல்லை என்றால் பணம் திரும்பாது. கடன் வாங்கி ஆண்டுத் திட்டம் போடுவது கூடாது.

10. டேட்டாவைச் சிக்கனப்படுத்துதல்

வாட்ஸ்அப்பில் படங்களும் வீடியோக்களும் தாமாகவே இறங்குவதை நிறுத்தி வைக்க வேண்டும். யூடியூப்பில் தெளிவைக் குறைத்துப் பார்க்கலாம். டேட்டா சேமிப்பு வசதியை இயக்கி வைத்தால், நாம் திறக்காத செயலிகள் பின்னணியில் டேட்டா எடுப்பது குறையும். தேவையில்லாத நேரத்தில் டேட்டாவை அணைத்து வைப்பதால் பேட்டரியும் மிச்சமாகும்.

காலர் ட்யூன் போன்ற கேட்காத சேவைகளுக்காக இருப்பில் பணம் பிடிக்கப்பட்டால், 155223 என்ற எண்ணை அழைத்து நிறுத்தலாம். பிற புகார்களுக்கு 198ஐ அழைத்து, புகார் எண்ணைக் கேட்டுக் குறித்துக் கொள்ள வேண்டும். இலவச ரீசார்ஜ் என்று வரும் இணைப்புகளைத் தொடவே கூடாது. பணம் பறிபோனால் தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

உடனே செய்ய வேண்டியவை

வீட்டிலுள்ள எல்லா எண்களையும், ஸ்டார்ட்டர் எண்ணையும் சேர்த்து, ஒரு தாளில் எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே நிறுவனம், ரீசார்ஜ் தொகை, முடியும் தேதி, சென்ற மாத டேட்டா அளவு, எந்தெந்தக் கணக்கில் பதிவாகி உள்ளது என்ற விவரம் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். ஆதாரிலும் வங்கியிலும் பதிவான எண்ணின் கீழ் ஒரு கோடிட்டு, அதன் முடியும் தேதியை வீட்டு நாட்காட்டியிலும் எழுதி வைக்க வேண்டும். டேட்டா பயன்படாத எண்களை அடுத்த ரீசார்ஜில் பேச்சு மட்டும் உள்ள திட்டத்துக்கு மாற்றலாம். ஒரு மாலைப் பொழுதில் முடிகிற இந்த வேலையால் வீட்டுச் செலவு குறைவதுடன், அரசின் உதவியும் வானிலைச் செய்தியும் உரிய நேரத்தில் வந்து சேரும்.